மடலில் சிவப்புக் கோடு: பிழைதிருத்தியின் மொழியைச் சரிசெய்வது

பங்குனி நெருங்கினால் புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலையின் ஜெராக்ஸ் கடைகளில் நிற்க இடம் கிடைக்காது. முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்க ஒருவர் வருவார், மண்டகப்படிக் கணக்கைத் தட்டச்சு செய்ய இன்னொருவர் வருவார், சிங்கப்பூரில் இருக்கும் பங்காளிக்கு மெயில் போடச் சொல்லி மூன்றாமவர் வருவார். அப்படியொரு சாயங்காலம் நகல் எடுக்கப் போன என்னைக் கடைக்காரத் தம்பி உள்ளே கூப்பிட்டார்.

"அண்ணே, இதக் கொஞ்சம் பாருங்க. வைரஸ் கிய்ரஸ் புகுந்திருச்சா? எழுதுனதெல்லாம் செவப்பாக் கோடு போடுது."

தண்டர்பேர்ட் மடல் நிரல் திறந்திருந்தது. பாதி ஆங்கிலம், பாதி தமிழில் நன்கொடை கேட்டு ஒரு மடல். தமிழ் வரிகள் முழுக்கச் சிவப்பு. ஆங்கிலத்தில் 'டியர்' சிவப்பு, 'பிரதர்' சிவப்பு, 'அவர்' சிவப்பு. ஆனால் 'வில்லேஜ்', 'டெம்பிள்', 'ஃபெஸ்டிவல்', 'டொனேஷன்' ஆகிய நான்கின் கீழும் கோடில்லை. தம்பியைக் குழப்பியது இதுதான். எல்லாமே தப்பென்றால் இந்த நாலு மட்டும் எப்படிச் சரியாயின?

விடை சன்னலின் கீழ் விளிம்பில், வலது மூலையில் இருந்தது. பிழைதிருத்தியின் மொழி பிரெஞ்சு. அந்த நான்கு சொற்களும் அதே எழுத்துகளோடு பிரெஞ்சிலும் உண்டு. கணினி புதுச்சேரியில் செகண்ட்ஹேண்டாக வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் பிரெஞ்சில் மடல் எழுதுகிறவர். அவருடைய அகராதி கணினியோடு சேர்ந்து நார்த்தாமலைக்கு வந்துவிட்டது. இரண்டு சொடுக்கில் சரிசெய்தோம். தம்பி அதற்குள் வைரஸ் மருந்து ஒன்றை இறக்கி, அரைமணி நேரம் ஓட்டியிருந்தார்.

இந்த அத்தியாயத்தில் வரும் சிக்கல்களில் முக்கால்வாசி இந்த ரகம்தான். சிவப்புக் கோடு 'நீ எழுதியது தப்பு' என்று சொல்வதில்லை. 'என் கையில் இருக்கும் பட்டியலில் இந்தச் சொல் இல்லை' என்று மட்டும் சொல்கிறது. அது எந்த மொழிப் பட்டியல் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. எழுத்துக்கூட்டலைச் சந்தேகிப்பது அதற்குப் பிறகு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பலருக்கு இந்தப் பயம் இருக்கிறது: கோடு உங்கள் திரையில் மட்டும்தான் தெரியும். மடலோடு அது எதிராளிக்குப் போகாது.

கோட்டுக்குப் பின்னால் இருப்பது

தண்டர்பேர்ட், ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆஃபிஸ் எல்லாவற்றிலும் பிழை பார்ப்பது ஒரே நிரல்: ஹன்ஸ்பெல். ஹங்கேரிய மொழிக்காக லாஸ்லோ நெமத் என்பவர் எழுதியது. பெயரிலேயே ஹங்கேரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹங்கேரியமும் தமிழைப் போல விகுதிமேல் விகுதி அடுக்கும் மொழி. எல்லா வடிவங்களையும் பட்டியலில் எழுதி மாளாது. அதனால் ஹன்ஸ்பெல் ஒவ்வொரு மொழிக்கும் இரண்டு கோப்புகளை வைத்துக்கொள்கிறது. ஒன்றில் வேர்ச்சொற்கள், மற்றதில் எந்த வேரோடு எந்த ஒட்டு சேரலாம் என்ற விதிகள். மொழியை மாற்றுவது என்றால் இந்த இரண்டு கோப்புகளை மாற்றுவது, அவ்வளவே. கோப்புகள் இல்லாத மொழிக்குப் பிழை பார்க்க முடியாது. மெனுக்கள் தமிழில் தெரிகின்றனவா, விசைப்பலகை தமிழ்99-ஆ என்பதெல்லாம் தனித்தனிக் கதை. இவற்றுக்கும் பிழைதிருத்தியின் மொழிக்கும் தொடர்பில்லை. ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறிவிடும் என்று எண்ணித்தான் ஆட்கள் மணிக்கணக்கில் திண்டாடுகிறார்கள்.

தண்டர்பேர்டில் செய்ய வேண்டியது

மொழியை இரண்டு இடங்களில் தேர்ந்தெடுக்கலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் 'நேத்து மாத்துனேன், இன்னைக்குப் பழையபடி ஆயிருச்சு' என்ற புகார் வராது.

முதலாவது, மடல் எழுதும் சன்னல். மேலே 'ஸ்பெல்லிங்' பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சிறு அம்பு இருக்கும். அதைச் சொடுக்கினால், கணினியில் உள்ள அகராதிகளின் பட்டியல் விரியும். மடலின் உள்ளே வலது சொடுக்கு போட்டு 'லாங்குவேஜஸ்' என்பதற்குப் போனாலும் அதே பட்டியல்தான். இங்கே செய்யும் தேர்வு அந்த ஒரு மடலுக்கு மட்டும். அடுத்த மடலைத் திறந்தால் பழைய மொழி வந்து நிற்கும். இது கோளாறல்ல.

நிரந்தரமாக மாற்றும் இடம் வேறு. மூன்று கோடு போட்ட மெனுவில் 'செட்டிங்ஸ்', அதில் 'காம்போசிஷன்', அந்தப் பக்கத்தில் 'ஸ்பெல்லிங்' பகுதி. அங்கே இரண்டு தேர்வுப் பெட்டிகள் உண்டு. ஒன்று, அனுப்பும் முன் பிழை பார்ப்பது. மற்றது, தட்டச்சு செய்யும்போதே பார்ப்பது. சிவப்புக் கோடே வரவில்லை என்றால் இரண்டாவது பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் கீழே மொழிகளின் பட்டியல். அதில் டிக் போட்டவைதான் இனிமேல் ஒவ்வொரு புது மடலிலும் வரும்.

'மொழிகளின்' என்று பன்மையில் சொல்லக் காரணம் உண்டு. 2022-இல் வந்த 102-ஆம் பதிப்பிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட அகராதிகளை ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் தமிழும் ஆங்கிலமும் கலந்த மடலில் ஏதாவது ஒரு பாதி சிவந்தே தீரும். இப்போது, டிக் போட்ட அகராதிகளில் ஏதாவது ஒன்று ஒரு சொல்லை ஏற்றுக்கொண்டாலும் கோடு வராது. நம்மைப் போலக் கலந்து எழுதுகிறவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே பழைய பதிப்பைத் தூக்கிப்போடலாம்.

ஆனால் இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. அமெரிக்க ஆங்கிலம், பிரிட்டன் ஆங்கிலம் இரண்டுக்கும் டிக் போட்டுவிடாதீர்கள். 'கலர்', 'சென்டர்' போன்ற சொற்களுக்கு இரண்டு நாட்டிலும் எழுத்துக்கூட்டல் வேறு. இரண்டு அகராதியும் இருந்தால் ஒரே மடலில் இரண்டு விதமாக எழுதினாலும் பிழைதிருத்தி வாயைத் திறக்காது. நம் பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுப்பது பிரிட்டன் எழுத்துக்கூட்டல். தண்டர்பேர்டின் வழக்கமான ஆங்கிலப் பதிப்போ அமெரிக்க அகராதியோடு வருகிறது. புதுக்கோட்டை மாவட்டத்துப் பையன் சரியாக எழுதிய 'கலர்' சிவந்து, அவன் அதை அமெரிக்க முறைக்கு மாற்றி, ஆங்கில ஆசிரியரிடம் திட்டு வாங்கிய கதை எனக்குத் தெரியும். பிரிட்டன் அகராதி ஒன்றை இறக்கி, அதை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

இறக்குவது எளிது. அதே 'ஸ்பெல்லிங்' பகுதியில், பட்டியலுக்குப் பக்கத்தில் 'டவுன்லோட் மோர் டிக்ஷனரீஸ்' என்ற இணைப்பு இருக்கிறது. அதில் வேண்டிய மொழியை எடுத்து நிறுவலாம். எடுக்கும் முன், அந்த அகராதி உங்கள் பதிப்புக்குப் பொருந்துமா என்று அங்கேயே பாருங்கள். தண்டர்பேர்டைப் புதுப்பித்த மறுநாள் ஒரு மொழி பட்டியலிலிருந்து காணாமல் போனால், பழைய அகராதி புதுப் பதிப்போடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். 'ஆட்-ஆன்ஸ்' பக்கத்தில் 'டிக்ஷனரீஸ்' பகுதிக்குப் போனால் அது அணைந்து கிடக்கும். புது வெளியீடு இருந்தால் அதை நிறுவுங்கள். இல்லையென்றால் பழையதை நீக்கிவிடுங்கள்.

பிரெஞ்சுக் கதைக்கு ஒரு பின்கதை உண்டு. தண்டர்பேர்ட் மடலை அனுப்பும்போது, பிழைதிருத்தியின் மொழி எதுவோ அதை மடலின் தலைப்பகுதியில் 'கன்டென்ட் லாங்குவேஜ்' என்ற வரியாக எழுதி அனுப்பிவிடும். வாசிப்பவர் கண்ணுக்கு அது சாதாரணமாகத் தெரியாது. மடலின் மூலத்தைத் திறந்து பார்த்தால் தெரியும். அந்தக் கடையிலிருந்து அதுவரை போன அம்மன் கோயில் மடல்கள் அத்தனையும் பிரெஞ்சு மடல் என்ற முத்திரையோடுதான் போயிருக்கின்றன.

தமிழ் வரிகள் சிவப்பது ஏன்

ஆங்கில அகராதி மட்டும் இருந்தால் தமிழ் முழுக்கச் சிவக்கும், இது புரிந்துவிட்டது. தமிழ் அகராதியைச் சேர்த்த பிறகும் பல சொற்கள் சிவக்கும். அதற்குப் பல காரணங்கள் உண்டு.

ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். நார்த்தாமலை என்ற சொல்லை வலது சொடுக்கு போட்டு 'ஆட் டு டிக்ஷனரி' என்று சொந்த அகராதியில் சேர்த்துவிடுகிறீர்கள். கோடு மறைகிறது. அடுத்த வரியில் 'நார்த்தாமலைக்கு' என்று எழுதினால் மறுபடியும் சிவப்பு. 'நார்த்தாமலையில்', 'நார்த்தாமலையிலிருந்து', 'நார்த்தாமலைக்காரர்' எல்லாம் சிவப்பு. சொந்த அகராதிக்கு விகுதி விதிகள் தெரியாது. நீங்கள் கொடுத்த எழுத்துகள் அப்படியே வந்தால்தான் ஏற்கும். ஆகவே அடிக்கடி வரும் நான்கைந்து வடிவங்களைத் தனித்தனியாகச் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒருநாள் உட்கார்ந்து செய்துவிட்டால் தீர்ந்தது.

இரண்டாவது காரணம் கண்ணுக்கே தெரியாது. 'ஔவையார்' என்று எழுத ஒரே எழுத்தான 'ஔ' வேண்டும். பலர் 'ஒ' போட்டு, பக்கத்தில் 'ள' போட்டுவிடுகிறார்கள். 'கௌரவம்' என்பதிலும் இதே கதை. 'கெ' எழுதி 'ள' சேர்க்கிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். 'சரியாத்தானே எழுதியிருக்கேன், ஏன் செவப்பு?' என்று தோன்றினால் அந்தச் சொல்லில் ஔகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இங்கே பிழைதிருத்தி சொல்வதுதான் சரி. நார்த்தாமலையில் மலைமேல் இருக்கும் விஜயாலய சோழீச்சுரம் கோயிலுக்குப் போகிறவர்கள் கல்வெட்டைப் பார்த்துத் திகைப்பதும் இதை ஒத்த அனுபவம்தான். பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகார வேறுபாடும் இருக்காது. படிக்கிறவர் மொழியறிவைக் கொண்டு நிரப்பிப் படித்துக்கொள்ள வேண்டும். கணினிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

மூன்றாவது காரணம்தான் டிடிபி வேலை நடக்கும் கடைகளில் அதிகம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த வாசகத்தை மடலில் ஒட்டுவது. பாமினியில் 'அம்மா' என்று தெரிவது உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளின் வரிசை. மேலே தமிழ் முகமூடி மாட்டியிருக்கிறது. பிழைதிருத்தி முகமூடியைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் எழுத்துகளைப் பார்க்கிறது. எந்த மொழியை மாற்றினாலும் இது தீராது. கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று: வாசகத்தைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவைச் சாதாரண ஆங்கில எழுத்துருவாக மாற்றுங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் அது யூனிகோடு. ஆங்கிலக் கந்தரகோளமாக மாறினால் பழைய எழுத்துரு. அதை எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடாக்கிய பிறகே மடலில் ஒட்டுங்கள். மாற்றாமல் அனுப்பினால் எதிராளியிடம் அந்த எழுத்துரு இல்லாதபோது அவர் படிப்பது கந்தரகோளத்தைத்தான். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல். கோயில் நோட்டீஸ்கள் இன்னும் ஏற்கவில்லை.

சந்திப்பிழையை ஹன்ஸ்பெல்லிடம் எதிர்பார்க்காதீர்கள். அது சொற்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும் நிரல். இரண்டு சொற்களுக்கு நடுவே ஒற்று மிகுமா மிகாதா என்பது அதன் கண்ணில் படாது. திருவிழாக் குழுவின் முக்கியமான மடல், அலுவலகத்துக்குப் போகும் மனு என்றால், நீச்சல்காரன் என்பவர் உருவாக்கிய 'வாணி' பிழைதிருத்தியை உலாவியில் திறந்து, வாசகத்தை அங்கே ஒட்டிப் பாருங்கள். சந்திக்கு அவரே செய்த 'நாவி' இருக்கிறது. திருத்தியதை மடலுக்குத் திரும்பக் கொண்டுவருவது கொஞ்சம் சுற்றுவழிதான். ஆனால் தமிழுக்கென்றே எழுதிய கருவி தமிழைப் பற்றிச் சொல்லும்போது கேட்டுக்கொள்வது லாபம்.

ஊர்ப் பெயர்களும் சொந்த அகராதியும்

ஆங்கிலத்தில் எழுதும்போது நம் ஊர்ப் பெயர்கள் எல்லாமே சிவக்கும். கீரனூர், அன்னவாசல், குடுமியான்மலை, சித்தன்னவாசல் என்று ஒன்றையும் விடாது. சிவக்கட்டும், ஆபத்து அதில் இல்லை. அனுப்பும் முன் பிழை பார்க்கும் பெட்டி திறந்து 'இதற்குப் பதில் இதைப் போடவா?' என்று கேட்கும்போது, அவசரத்தில் 'ரீப்ளேஸ்' பொத்தானைத் தட்டிக்கொண்டே போகிறோமே, அதில்தான் இருக்கிறது. ஊர்ப் பெயர் அமெரிக்கப் பெண் பெயராக மாறிப் போன மடல்களை நான் பார்த்திருக்கிறேன். பெயர்ச்சொல் வந்தால் 'இக்னோர் ஆல்' அழுத்துங்கள், அல்லது சொந்த அகராதியில் சேருங்கள்.

சேர்க்கும் முன் எந்த எழுத்துக்கூட்டல் என்று முடிவுசெய்துகொள்ள வேண்டும். நார்த்தாமலைக்கு ஆங்கிலத்தில் ஒற்றை 'டி' போட்டும் எழுதுகிறார்கள், இரட்டை 'டி' போட்டும் எழுதுகிறார்கள், பின்னால் 'எச்' சேர்த்தும் எழுதுகிறார்கள். நாரதர் மலைதான் இப்படியானது என்று சிலர், நகரத்தார் மலைதான் இப்படியானது என்று சிலர். அவரவர் கொள்கைப்படி எழுத்தும் மாறும். கல்வெட்டிலோ ஊருக்குத் தெலுங்குகுலகாலபுரம் என்ற பெயரும் இருக்கிறது. பிழைதிருத்தி இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லாது. உங்கள் ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் எப்படி இருக்கிறதோ அந்த ஒன்றை மட்டும் சேருங்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் எல்லாமே மடலில் நடமாடும்.

தப்பான சொல்லைச் சேர்த்துவிட்டால் எடுப்பதற்கும் வழி உண்டு. 'ஸ்பெல்லிங்' பொத்தானை அழுத்தினால் வரும் பெட்டியில் 'பெர்சனல் டிக்ஷனரி' என்ற இடத்தில் 'எடிட்' இருக்கும். அதில் சொல்லைத் தேர்ந்து நீக்கலாம். நிறையச் சொற்கள் என்றால் கோப்பையே திறப்பது மேல். 'ஹெல்ப்' மெனுவில் 'டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்', அதில் 'புரொஃபைல் ஃபோல்டர்' வழியே போனால் 'பெர்ஸ்டிக்ட்.டேட்' என்ற கோப்பு இருக்கும். வரிக்கு ஒரு சொல்லாக எழுதிய சாதாரண உரைக்கோப்பு அது. தண்டர்பேர்டை மூடிவிட்டு, நோட்பேடில் திறந்து, வேண்டாத வரியை அழித்துச் சேமியுங்கள். கணினி மாற்றும்போது இந்தக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டால், ஊர்ப் பெயர்களை மறுபடி ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியதில்லை. சொந்த அகராதி எல்லா மொழிக்கும் பொது. தமிழும் ஆங்கிலமும் ஒரே கோப்பில்தான் கிடக்கும்.

மற்றவற்றில்

அவுட்லுக்கின் பழைய பதிப்பில் கணக்கு வேறு. அங்கே மொழி மடலுக்கு அல்ல, வாசகத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒட்டியிருக்கிறது. வேறொருவர் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினால் அவருடைய மொழியும் கூடவே வரும். ஒரு பத்தி மட்டும் சிவந்தாலோ, ஒரு பத்தியில் மட்டும் கோடே வராவிட்டாலோ இதுதான் காரணம். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, 'ரிவ்யூ' பட்டையில் 'லாங்குவேஜ்', 'செட் புரூஃபிங் லாங்குவேஜ்' போய் மொழியைக் குறியுங்கள். அங்கேயே 'பிழை பார்க்க வேண்டாம்' என்றொரு பெட்டியும் இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். யாரோ எப்போதோ போட்டிருப்பார்கள்.

ஜிமெயிலை உலாவியில் திறந்து எழுதுகிறவர்கள் ஜிமெயிலோடு உலாவியின் அமைப்பையும் பார்க்க வேண்டும். குரோமில் 'செட்டிங்ஸ்', 'லாங்குவேஜஸ்', 'ஸ்பெல் செக்'. தமிழ் அந்தப் பட்டியலில் உண்டு. முதலில் விருப்ப மொழிகளில் தமிழைச் சேர்த்தால்தான் பிழைதிருத்தியின் பட்டியலில் அது வரும். கைபேசியில் இந்த வேலையைப் பெரும்பாலும் விசைப்பலகைச் செயலி பார்க்கிறது. அதன் மொழி அமைப்பில் 'ஆட்டோ கரெக்ஷன்' என்பதை ஆங்கிலத்துக்கு அணைத்துவிடுவது என் பழக்கம். கேட்காமல் திருத்துகிறவர் யாராக இருந்தாலும் எனக்குப் பிடிப்பதில்லை.

கடைசியாக, எந்த அகராதியைப் போட்டாலும் தண்டர்பேர்ட் பார்க்காத இரண்டு இடங்கள் உண்டு. பதில் மடலில் கீழே மேற்கோளாக வரும் எதிராளியின் பழைய வாசகம் ஒன்று. அதைப் பார்க்காமல் விடுவது நியாயம். அவர் பிழை அவரோடு. மற்றொன்று உங்கள் கையொப்பம். மடலின் அடியில் தானாக வரும் பெயர், கடை, ஊர், அஞ்சல் குறியீடு எதன் கீழும் கோடு வராது. அந்தத் தம்பியின் கையொப்பத்தில் 'புதுக்கோட்டை' ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் குறைந்து மூன்று வருடமாகப் போய்க்கொண்டிருந்தது. உங்களுடையதை இப்போதே திறந்து எழுத்தெழுத்தாகப் படித்துவிடுங்கள்.